பதினாறுக்குப் பதினைந்து

பிரதேச சபையின் மூன்றாம் ஜன்னலில்
தவக்கொடி தவக்கெடி ஆனாள்.
திருத்தக் கேட்டேன்.
அதற்கு வேறு படிவம்,
அது தருபவர் திங்கட்கிழமை லீவு.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
பதினாறு அடிக்குப் பதினைந்து அடியில் ஒரு வீடு.
ஒரே அறை, மூலையில் அடுப்படி,
பின்பக்கம் ஒரு கக்கூஸ், தாழ்ப்பாள் உள்ளே இருக்கிற மாதிரி.
லயத்துக் கக்கூசுக்கு அது வெளியே மட்டும்தான்.

படம் வரைந்தது அட்டனில் ஒரு பையன்.
நாலாயிரத்து ஐந்நூறு.
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று
கால்வட்டம் ஒன்று போட்டுக் காட்டியிருந்தான்.
மஸ்கெலியா பஸ்ஸில் நின்றபடி
அந்தக் கால்வட்டத்தை
மூன்று தரம் திறந்து மூடினேன்.

துரை கடிதம் தந்தால் சபை பார்க்கும்.
சபை பார்த்தால் துரை கடிதம் தருவார்.
மண்சரிவு அறிக்கை இரண்டு பேருக்கும் வேண்டும்.
மண்சரிவுக்காரர்களுக்குக் காணி உறுதி வேண்டும்.
உறுதியைத்தான் மேடையில் வைத்துக் கொடுத்தார்களே,
ஏழு பேர்ச்சஸ், மாலையெல்லாம் போட்டு!
படம் எடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
ஒரு கையெழுத்து விடுபட்டதாம்.
படத்தில் நான் சிரிக்கிறேன்.

எட்டாம் மாதம் சபையிலிருந்து கடிதம் வந்தது, சிங்களத்தில்.
யுகேந்தினி பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வாசித்தாள்.
"குறைந்தபட்சம்" மட்டும் ஏழு இடத்தில், அம்மா.

பிறகு ஒரு வியாழக்கிழமை விஜேகோன் மாத்தயா வந்தார்,
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால்களோடு.
நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்தார்.
நான் பிடித்த பக்கம் பூஜ்ஜியம்.
முன்னால் கான், அது தோட்டத்துடையது.
பின்னால் தேயிலை, அதைத் தொடக்கூடாது.
செடிக்கும் செடிக்கும் நடுவே இவ்வளவு இடம் வேண்டுமென்று
யாரோ ஒருவன் எப்போதோ யோசித்துத்தான்
நட்டிருக்கிறான்.

"அக்கா, இது காணாது.
இந்த அளவுக்கு வீடு என்று எழுத ஏலாது."

வேறு என்னவென்று எழுதுவீங்க, மாத்தயா?

அவர் உண்மையாகவே யோசித்தார்.
"களஞ்சியம் என்று போடலாம்.
ஆனால் ஆள் படுக்கக்கூடாது."

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.
எங்கள் காம்பிராவுக்குக் கூப்பிட்டேன்.
வாசலில் குனிந்து,
புகைக்குக் கண்ணைக் கசக்கி,
அரிசி மூட்டைக்கும் கட்டிலுக்கும் இடையில்
ஒரு கதிரைக்கு எங்கே இடம் என்று பார்த்தார்.
பழக்கதோஷம், கண் சுவரோடு நடந்தது.
உதடு அசைந்தது: பத்து... பன்னிரண்டு.
கொடியில் ஐந்து பேருடைய உடுப்பு.
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில்
கலண்டர்.

நாடா அவர் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.
நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
தேத்தண்ணி குடித்தார். சீனி போடவேண்டாம் என்றார்.
போட்டிருந்தேன். அதையும் சொல்லவில்லை.

மழை விட்டதும், சப்பாத்து மாட்டிக்கொண்டே,
யாருக்கோ சொல்வதுபோல:
"படத்தில் ஒரு இஸ்தோப்பு சேருங்கள்.
சுவர் வேண்டாம், கூரை மட்டும். அளவு கூடும்.
கானை மூடுவதற்குத் துரையிடம் கடிதம் வாங்குங்கள்."

ஆக, இன்னொரு கடிதம்.

படம் இப்போது மறுபடியும் அட்டனில்.
இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு.
வெள்ளவத்தை ஹோட்டலில் ராவேலை பார்க்கிறவர்
போனில் கேட்டார், கட்டத் தொடங்கியாச்சா?
முளை அடிச்சிருக்கு என்றேன்.

பொய்யில்லை.
நாலு முளை, நீல நைலோன் கயிறு,
மழையில் தொய்ந்து புல்லைத் தொடுகிறது.
கூரைக்கென்று வாங்கிய தகரம் உள்ளே சாய்ந்திருக்கிறது.
தொங்கல் காம்பிராவின் பெட்டைநாய்
நேற்று ராத்திரி அதற்கடியில் மூன்று குட்டி போட்டது,
கட்டில் வரவேண்டிய மூலையில்.
எந்தப் படிவமும் நிரப்பவில்லை.

விடிகாலை, பெரட்டுக்குப் போகுமுன்
பழஞ்சோறு எடுத்துக்கொண்டு போனேன்.
கயிறு முழங்கால் உயரம்கூட இல்லை.
ஒரு எட்டில் தாண்டியிருக்கலாம்.

சுற்றிப் போய்,
கதவு வரும் இடத்தால் நுழைந்தேன்.